சிக்னலில் எல்லோரையும் நிற்கவைத்த மனிதர்... கேரெட் மார்கன் கதை தெரியுமா?

மாலை 6.30 மணி. திரு.வி.க. பாலத்தில் இருந்து இறங்கி, அடையாறு சிக்னலில் பைக்கோடு நிற்கிறீர்கள். டைமரில் இன்னும் 90 விநாடி பாக்கி. ஹெல்மெட்டுக்குள்ளே இயர்பட்ஸ், அதில் உங்களுக்குப் பிடித்த பாட்டு. திடீரென்று பாட்டையும் மீறி ஒரு சைரன். கண்ணாடியில் பார்த்தால் 108 ஆம்புலன்ஸ். அதற்கு முன்னால் படிக்கட்டு வரைக்கும் ஆட்களோடு ஒரு 29சி. பஸ்ஸுக்கு முன்னால் நீங்கள். உங்களுக்கு முன்னால் சிவப்பு விளக்கு.

அந்த நிமிஷத்தில் அங்கே நிற்கிற எல்லோர் மனசிலும் ஒரே கேள்விதான் ஓடும். உள்ளே ஒரு உயிர் போராடிட்டிருக்கு, இந்த சிக்னலுக்கு அது தெரியாதா?

தெரியவைக்க முடியும். உலகத்தில் பல ஊர்களில் ஆம்புலன்ஸ் கிட்டே வந்தாலே சிக்னல் தானாகப் பச்சையாக மாறுகிறது. பஸ் வந்தால் பச்சை சில விநாடி நீள்கிறது. ஆனால், இது எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு எளிமையான விஷயம் இருக்கிறது. யாருக்காவது வழி கொடுக்கணும்னா, முதலில் எல்லோரும் நிற்கணும். இதை ஒரு இயந்திரத்துக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர், ஆறாம் வகுப்போடு படிப்பை விட்ட ஒரு தையல் மிஷின் மெக்கானிக். பெயர், கேரெட் மார்கன்.

உங்க வாட்ஸ்அப்பில் எப்போதாவது இவர் படம் வந்திருக்கலாம். டிராஃபிக் சிக்னலைக் கண்டுபிடித்தவர் என்று கீழே எழுதியிருப்பார்கள். அது முழு உண்மை இல்லை. உண்மைக் கதை அதைவிட சுவாரஸ்யம். வாங்க, பார்க்கலாம்.

14 வயதில் கிளம்பிய பையன்

1877 மார்ச் 4. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பிறந்தார் மார்கன். அந்த நாட்டில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்து வெறும் 12 வருஷம்தான் ஆகியிருந்தது. அவருடைய பெற்றோர் முன்னாள் அடிமைகள். 11 பிள்ளைகள் உள்ள குடும்பத்தில் இவர் ஏழாவது. கறுப்பினக் குழந்தைகளுக்கு அன்று கிடைத்த பள்ளிப் படிப்பே கொஞ்சம்தான். அதுவும் இவருக்கு ஆறாம் வகுப்போடு முடிந்துபோனது.

14 வயதில் வேலை தேடி சின்சினாட்டி நகரத்துக்குக் கிளம்பினார். ஒரு பணக்காரர் வீட்டில் எடுபிடி வேலை. சம்பளத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து, தனக்கென்று ஒரு வாத்தியாரை வைத்துக்கொண்டு படித்தார். இன்றைக்கு பார்ட் டைம் வேலை பார்த்துக்கொண்டே ஆன்லைன் கோர்ஸ் முடிக்கிற உங்களுக்கு அந்தக் கஷ்டம் புரியும்.

1895-ல் கிளீவ்லேண்ட் நகரத்துக்குப் போனார். துணி தைக்கும் கம்பெனியில் தையல் மிஷின் ரிப்பேர் வேலை. கழற்றுவது, துடைப்பது, மாட்டுவது, ஏன் ஓடவில்லை என்று யோசிப்பது. கல்லூரிக்குப் போகாத மார்கனுக்கு அந்த மிஷின்கள்தான் இன்ஜினீயரிங் காலேஜ். 1907-ல் சொந்தமாக ரிப்பேர் கடை. அடுத்த வருஷம் மேரி என்ற தையல் கலைஞரோடு கல்யாணம். மேரி ஜெர்மனியின் பவேரியாவில் இருந்து வந்த வெள்ளைக்காரப் பெண். அந்தக் காலத்து அமெரிக்காவில் இப்படி ஒரு கல்யாணம் செய்துகொள்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை. 1909-ல் ரெண்டு பேருமாகச் சேர்ந்து துணிக்கடை தொடங்கினார்கள். 32 பேர் வேலை பார்த்தார்கள்.

நாய்க்கு நடந்த ஹேர் ஸ்டிரெய்ட்டனிங்

இங்கே ஒரு சின்ன பிரேக். தையல் மிஷின் ஊசி வேகமாக ஓடும்போது சூடேறித் துணியைப் பொசுக்கிவிடும். அதைத் தடுக்க ஒரு திரவம் தயாரித்துக்கொண்டிருந்தார் மார்கன். கையில் ஒட்டியதை ஒரு துணியில் துடைத்துவிட்டுப் போய்விட்டார். திரும்பி வந்து பார்த்தால், சுருண்டிருந்த துணி இழைகள் நேராகக் கிடக்கின்றன. உடனே பக்கத்து வீட்டுச் சுருட்டை முடி நாய்க்குத் தடவிப் பார்த்தார். நாயின் முடி நேராகிவிட்டது! பிறகு தன் தலையிலும் சோதித்துப் பார்த்தார். 1913-ல் அதையே முடியை நேராக்கும் க்ரீமாக விற்க ஆரம்பித்தார். வியாபாரம் நன்றாகப் போனது. அந்தக் காசுதான் அவருடைய மற்ற கண்டுபிடிப்புகளுக்கு முதல் போட்டது.

சொந்தப் பொருளை விற்க மாறுவேஷம்

தீ விபத்துகளில் நெருப்பைவிட புகைதான் நிறைய பேரைக் கொல்கிறது. தீயணைப்பு வீரர்களே மூச்சு முட்டி விழுவார்கள். மார்கன் ஒரு விஷயத்தைக் கவனித்தார். புகை சூடாக இருப்பதால் மேலே போகும். தரையை ஒட்டிய காற்று கொஞ்சம் சுத்தமாக இருக்கும். தலையை முழுசாக மூடும் ஒரு கவசம் செய்து, அதில் இருந்து தரை வரைக்கும் தொங்கும் குழாயை வைத்தார். குழாயின் நுனியில் ஈரமான ஸ்பாஞ்ச். 1914-ல் பேட்டன்ட் கிடைத்தது.

பொருள் பிரமாதம். ஆனால், செய்தது கறுப்பினத்தவர் என்று தெரிந்தால், தென் மாநிலங்களில் வாங்க மாட்டார்கள். மார்கன் என்ன செய்தார் தெரியுமா? வெள்ளைக்கார நடிகர் ஒருவரைக் கண்டுபிடிப்பாளராக நடிக்க வைத்தார். தான் ஒரு செவ்விந்தியர் வேஷம் போட்டுக்கொண்டு, எல்லோர் முன்னாலும் புகை நிறைந்த கூடாரத்துக்குள் கவசத்தோடு போய் ரொம்ப நேரம் இருந்துவிட்டு நிதானமாக வெளியே வருவார். கூட்டம் கைதட்டும். ஆர்டர் குவியும். கண்டுபிடித்தவர் பக்கத்திலேயே நிற்கிறார் என்பது யாருக்கும் தெரியாது. செய்தது யார், என்ன ஆள் என்று பார்த்துப் பொருளை எடைபோடும் வழக்கம் நமக்கும் தெரிந்ததுதானே!

ஏரிக்கு அடியில் ஓர் இரவு

1916 ஜூலை 24. கிளீவ்லேண்ட் நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவர ஈரி ஏரிக்கு அடியில் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். ராத்திரி உள்ளே வாயு வெடித்தது. தொழிலாளர்கள் மாட்டிக்கொண்டார்கள். காப்பாற்றப் போன முதல் குழு திரும்பவில்லை. அடுத்த குழு போனது. அவர்களிலும் பலர் விழுந்தார்கள். அதற்குமேல் உள்ளே இறங்க யாருக்கும் தைரியமில்லை.

அப்போது யாரோ ஒருவருக்கு மார்கனின் கவசம் ஞாபகம் வந்தது. விடிவதற்குள் ஆள் அனுப்பினார்கள். தூக்கத்தில் இருந்து எழுந்த மார்கன், பைஜாமாவோடு சகோதரர் ஃபிராங்க்கையும் கவசங்களையும் எடுத்துக்கொண்டு ஓடினார். சகோதரர்கள் இருவரும் இன்னும் ரெண்டு பேரோடு சுரங்கத்துக்குள் இறங்கினார்கள். ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மறுபடி இறங்கினார்கள். ரெண்டு பேரை உயிரோடு மீட்டார்கள். இறந்தவர்களின் உடல்களையும் வெளியே கொண்டுவந்தார்கள். அந்த விபத்தில் சுமார் 20 பேர் இறந்துபோனார்கள்.

அடுத்த நாள் பேப்பர்களில் மற்றவர்கள் ஹீரோ ஆனார்கள். வீரத்துக்கான கார்னகி பதக்கமும் மற்றவர்களுக்குத்தான் போனது. மார்கன் சகோதரர்களுக்கு இல்லை. நகர மக்களில் ஒரு குழு மட்டும் பிற்பாடு அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. இன்னொரு அடியும் விழுந்தது. படம் வெளியானதில் கவசத்தைச் செய்தவர் யார் என்பது தெரிந்துபோய், தெற்கே சில ஊர்கள் ஆர்டரை ரத்து செய்தன.

அந்த ராத்திரி நடந்ததை இன்னொரு தரம் யோசிச்சுப் பாருங்க. உள்ளே உயிர் இருக்கிறது. காப்பாற்றும் கருவியும் ஊரிலேயே இருக்கிறது. ஆனால், அது போய்ச் சேர நேரமாகிவிட்டது. ஆம்புலன்ஸ் பிரச்னையும் அச்சு அசல் இதுதான்.

ஊரில் சிக்னல் இருந்தது... நடுவில் இடைவெளி இல்லை

இப்போது சிக்னலுக்கு வருவோம். உலகின் முதல் டிராஃபிக் சிக்னல் 1868-ல் லண்டன் நாடாளுமன்றத்தின் அருகே வந்தது. ரயில்வே இன்ஜினீயர் ஜான் பீக் நைட் உருவாக்கியது. கேஸ் விளக்கு. கொஞ்ச நாளிலேயே வெடித்து, இயக்கிய போலீஸ்காரருக்குக் காயம். கதை முடிந்தது.

மின்சார சிக்னல் 1914 ஆகஸ்ட் 5-ல் வந்தது. எங்கே தெரியுமா? மார்கன் வாழ்ந்த அதே கிளீவ்லேண்டில், யூக்ளிட் அவென்யூ முனையில். ஜேம்ஸ் ஹோக் வடிவமைத்தது. சிவப்பு, பச்சை ரெண்டே விளக்குகள். இதில் ஒரு ஆச்சர்யம் உண்டு. அவசர நேரத்தில் போலீஸும் தீயணைப்பு நிலையமும் அந்த சிக்னலைத் தங்கள் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொள்ள வழி வைத்திருந்தார்கள். அதாவது, அவசர வாகனத்துக்கு முன்னுரிமை என்பது போன வருஷம் வந்த ஐடியா இல்லை. மின்சார சிக்னல் பிறக்கும்போதே அதோடு பிறந்தது. மூன்று விளக்கு சிக்னலை 1920-ல் டெட்ராய்ட் நகரப் போலீஸ் அதிகாரி வில்லியம் பாட்ஸ் கொண்டுவந்தார்.

அப்போ மார்கன் செய்தது என்ன?

அன்றைய சாலையில் கார், குதிரை வண்டி, சைக்கிள், நடப்பவர்கள் எல்லோரும் கலந்து போவார்கள். நம்ம ரங்கநாதன் தெருவில் கார் விட்டால் எப்படியோ, அப்படி. பல சிக்னல்கள் 'நில்', 'போ' என்ற ரெண்டை மட்டும்தான் காட்டின. ஒரு பக்கம் நில் என்று மாறிய அதே கணம், மறுபக்கம் போ என்று மாறும். சந்திப்புக்கு நடுவில் மாட்டியவர் கதி அதோகதி. ஒரு காரும் குதிரை வண்டியும் மோதியதை மார்கன் கண்ணால் பார்த்தார் என்றும், அதுதான் அவரை யோசிக்க வைத்தது என்றும் சொல்வார்கள்.

அவர் T வடிவக் கம்பம் ஒன்றை உருவாக்கினார். கைகள் மாதிரி பலகைகள். கீழே ஒரு கைப்பிடி. சுற்றினால் பலகைகள் நகரும். நில், போ இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு நிலையைச் சேர்த்தார். அந்த நிலையில் எந்தத் திசையில் வருபவரும் நிற்க வேண்டும். நடுவில் இருக்கிற வண்டிகள் வெளியேறும். நடப்பவர்கள் கடப்பார்கள். அதற்குப் பிறகுதான் அடுத்த பக்கம் கிளம்பும். ராத்திரியில் போக்குவரத்து குறைந்ததும் கைகளைப் பாதியில் இறக்கி வைத்துவிட்டால், எல்லோரும் கவனமாகப் போங்கள் என்று அர்த்தம். 1923 நவம்பர் 20-ல் இதற்கு அமெரிக்க பேட்டன்ட் கிடைத்தது. எண் 14,75,024. அந்த உரிமையை ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி 40,000 டாலருக்கு வாங்கியது என்று சொல்வார்கள்.

எல்லா பக்கமும் நிற்கும் அந்த இடைவெளி இன்றைய சிக்னலிலும் உண்டு. ஒரு பக்கம் மஞ்சள் முடிந்து, மறுபக்கம் பச்சை வருவதற்குள் நாலு பக்கமும் சிவப்பாக இருக்கும் ஒன்றிரண்டு விநாடிகள். நாம் முறுக்கிக்கொண்டு முன்னால் பாய்வது கரெக்ட்டாக அந்த விநாடிகளில்தான்!

அடையாறில் 14 நிமிஷம்

ஆம்புலன்ஸுக்கான சிக்னல் எப்படி வேலை செய்கிறது? வண்டியில் ஜி.பி.எஸ். அல்லது ஒரு டிரான்ஸ்மிட்டர் இருக்கும். சந்திப்பை நெருங்கும்போது அது சிக்னல் பெட்டிக்குத் தகவல் சொல்லும். பெட்டி அடுத்த நொடியே பச்சையைப் போட்டுவிடாது. குறுக்கே ஓடிக்கொண்டிருக்கும் பக்கத்துக்கு முதலில் மஞ்சள். பிறகு எல்லோருக்கும் சிவப்பு. பாதி ரோட்டில் இருக்கும் பாட்டி கடந்து முடிக்க நேரம். அதற்குப் பிறகே ஆம்புலன்ஸுக்குப் பச்சை. எவ்வளவு அவசரம் என்றாலும் மார்கனின் இடைவெளியைத் தாண்டித்தான் போயாக வேண்டும்.

சென்னையில் இதை மனிதர்களே செய்து காட்டியிருக்கிறார்கள். 2014 ஜூன் மாதம், சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் மூளைச்சாவு அடைந்த ஒருவரின் இதயம் தானமாகக் கிடைத்தது. காத்திருந்த இளம்பெண் இருந்தது அடையாறு மலர் மருத்துவமனையில். நடுவில் சுமார் 12 கிலோமீட்டர் சென்னை. போக்குவரத்து போலீஸார் வழிநெடுக சந்திப்புகளில் நின்று, ஒயர்லெஸ்ஸில் பேசிப் பேசி மற்ற வண்டிகளை நிறுத்தினார்கள். 14 நிமிஷத்துக்குள் இதயம் போய்ச் சேர்ந்தது. நாடே பேசியது. நீங்கள் சைரன் கேட்டு நின்ற அதே பாலத்துக்குப் பக்கத்தில்தான் அந்த மருத்துவமனை.

ஆனால், ஒரு இதயத்துக்கு முன்கூட்டியே திட்டமிட்டு ஒரு பாதையை ஒதுக்கலாம். மயிலாப்பூரில் மாடிப்படியில் விழுந்த தாத்தாவுக்கும், தி.நகரில் மயங்கி விழுந்த சேல்ஸ் கேர்ளுக்கும் அப்படித் திட்டமிட முடியுமா? 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய 108, தினம் தினம் ஓடுவது அவர்களுக்காகத்தான். அவர்களுக்கு ஒவ்வொரு சந்திப்பிலும் போலீஸ் நிற்க முடியாது. அங்கேதான் தானாக வழிவிடும் சிக்னல் தேவைப்படுகிறது.

சரி, பஸ்ஸுக்கு எதுக்கு?

நியாயமான கேள்வி. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 29சி-யில் 60 பேர் என்று வைத்துக்கொள்வோம். பச்சையை 5 விநாடி நீட்டினால் பஸ் தப்பித்துப் போய்விடும். நீட்டாவிட்டால் 90 விநாடி நிற்கும். 60 பேருக்கும் சேர்த்தால் அது 90 நிமிஷம். குறுக்கே காத்திருக்கும் கார், பைக்குகளில் 40 பேர் இருக்கிறார்கள் என்றால், அவர்கள் இழப்பது ஆளுக்கு 5 விநாடி. மொத்தமே மூன்றரை நிமிஷம்கூட இல்லை.

பஸ் முன்னுரிமையில் சிக்னலை அப்படியே புரட்டிப்போட மாட்டார்கள். பச்சையைக் கொஞ்சம் நீட்டுவது, சிவப்பைக் கொஞ்சம் சீக்கிரம் முடிப்பது. அவ்வளவுதான். லேட்டாக ஓடும் பஸ்ஸுக்கு மட்டும் கொடுக்கும் முறையும் உண்டு. லண்டனில் பஸ்களுக்கும், சூரிச்சில் டிராம்களுக்கும் இப்படித்தான் சிக்னல் வழிவிடுகிறது.

மெட்ரோ வேலைகளால் லஸ், மந்தைவெளி, அடையாறு என்று ரோடுகள் சுருங்கிக் கிடக்கும் நேரத்தில் பஸ்ஸை நம்பியிருப்பவர்களுக்கு அந்த 5 விநாடி பெரிய விஷயம். ஆனால், ஒன்று. பனகல் பார்க் பக்கம் தீபாவளி பர்ச்சேஸ் நேரத்தில், முன்னால் ரோடே அடைத்துக் கிடந்தால் பச்சை விளக்கு மட்டும் என்ன செய்யும்? வழிவிடும் வேலையில் பாதி சிக்னலுக்கு, மீதி நமக்கு.

பார்வை போன பிறகும்...

மார்கன் சிக்னலோடு நிற்கவில்லை. கறுப்பின மக்களுக்காகக் 'கிளீவ்லேண்ட் கால்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். 1931-ல் நகர சபைத் தேர்தலில் சுயேச்சையாக நின்று தோற்றார். 1943-ல் கண் அழுத்த நோய் வந்து பார்வை பெரும்பாலும் போய்விட்டது. அதற்குப் பிறகும் பட்டறையில் எதையாவது செய்துகொண்டே இருந்தார்.

1963 ஜூலை 27-ல், 86 வயதில் இறந்தார். அடிமை விடுதலைப் பிரகடனத்தின் நூற்றாண்டு விழா அடுத்த மாதம் சிகாகோவில் நடக்க இருந்தது. அங்கே அவரைக் கௌரவிக்க ஏற்பாடு ஆகியிருந்தது. அதற்குள் போய்விட்டார். அவர் இறங்கிய சுரங்கம் எந்தக் குடிநீர்த் திட்டத்துக்காகத் தோண்டப்பட்டதோ, அந்த நகரம் 1991-ல் தன் குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றுக்கு அவர் பெயரைச் சூட்டியது. 75 வருஷம் லேட்!

இப்போ, நீங்க என்ன பண்ணலாம்?

வண்டி ஓட்டும்போது இயர்பட்ஸைக் கழற்றி பாக்கெட்டில் போடுங்க. சைரன் கேட்டதும் கண்ணாடியைப் பாருங்க. எந்தப் பக்கம் இடமிருக்கோ அந்தப் பக்கம் மெதுவாக ஒதுங்குங்க. பயந்து சிவப்பில் சந்திப்புக்கு நடுவே பாய வேண்டாம். போலீஸ்காரர் கை காட்டினால் மட்டும் நகருங்க. ஆம்புலன்ஸ் போன பிறகு அதன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு பறக்காதீங்க, ப்ளீஸ். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, அவசர வாகனத்துக்கு வழிவிடாமல் போனால் 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம்.

மறுபடி அடையாறு சிக்னல். நீங்கள் இடது பக்கம் ஒதுங்கிவிட்டீர்கள். பக்கத்து ஆட்டோ அண்ணனும் கொஞ்சம் ஒடித்துத் தள்ளிக்கொள்கிறார். 29சி டிரைவர் பஸ்ஸை ஓரமாகச் சாய்க்கிறார். போலீஸ்காரர் கையைத் தூக்கி நாலு பக்கத்தையும் நிறுத்துகிறார். ஆம்புலன்ஸ் உங்களைத் தாண்டிப் போகிறது. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. மார்கனுக்கும் அந்தச் சுரங்கத்துக்குள் யார் இருந்தார்கள் என்று தெரியாதுதான்.